சுவரில் ஒட்டிய சிவப்புப் பொட்டு

போன வாரம் தேன்மொழி போன் செய்தாள். பெரம்பலூரில் நான் கடைசியாக வேலை பார்த்த சாப்ட்வேர் ஆபீஸில் இப்போது அவள்தான் டீம் லீடர். ஆபீஸின் பழைய சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறார்களாம். இனிமேல் எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பெரிய டிவி ஒன்று தானாகவே காட்டிவிடும், யாரும் எழுந்து போய் அட்டையை நகர்த்த வேண்டியதில்லை. "புதுசா சேந்த புள்ளைங்க, இந்தச் செவுத்துல அப்படி என்னதான் இருந்துச்சுன்னு கேக்குதுங்கண்ணே. நான் சொன்னா கதை மாதிரி இருக்கு. நீங்களே எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

சுவர் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மின்விசிறிக் காற்றில் பறந்து போன அட்டையைப் பீரோவுக்கு அடியில் குச்சி விட்டுத் துழாவியவன் நான். டிவி வரட்டும். ஆனால் அந்தச் சுவரில் நான் ஒரு தப்பு செய்தேன், அதைச் சொல்லாமல் மற்றதை எழுதினால் செலினுக்கு நான் துரோகம் செய்தவன் ஆவேன். அவர் யார் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

என் பெயர் கலியபெருமாள், ஊர் விக்கிரமங்கலம். ஐ.டி.ஐ. படித்தது, சிமெண்ட் ஆலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தது, சுண்ணாம்புக்கல் தூசியைத் தின்றே இருபத்தாறு வருடம் ஓட்டியது எல்லாம் இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் சொல்லக்கூடிய கதை. கடைசி எட்டு வருடம் லாரி யார்டில் ஷிப்ட் பொறுப்பு. அங்கே நான் கற்றுக்கொண்ட வித்தை ஒரே ஒரு சொல்தான்: நார்மல்.

ஷிப்ட் முடியும்போது பதிவேட்டில் 'எல்லாம் நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உண்மையில் என்ன நடந்தது என்பதை எழுத மேஜை டிராயரில் நாற்பது பக்க நோட்டு ஒன்று தனியாக இருக்கும். அடுத்த ஷிப்டுக்காரர் வந்ததும் டிராயரைத்தான் இழுப்பார். பதிவேடு மேலிடத்துக்கு, நோட்டு எங்களுக்கு. ஒருமுறை கன்வேயர் பெல்ட்டின் ஓரம் பிரிந்துகொண்டு வருகிறது என்று நோட்டில் நாலு நாள் எழுதினோம். பதிவேட்டில் நாலு நாளும் நார்மல். ஐந்தாம் நாள் பெல்ட் கிழிந்து வேலையே நின்றது. என்னோடு ஷிப்டில் இருந்த தனசேகரனும் நானும் அதிகாரி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "திடீர்னு ஆயிடுச்சு சார்" என்றோம். அவரும் தலையை ஆட்டினார். எல்லோருக்கும் தெரிந்த பொய் அது, அதனால் யாருக்கும் யார் மேலும் கோபம் வரவில்லை. தனசேகரனை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருவார்.

விருப்ப ஓய்வு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தேன். நாற்பத்தொன்பது வயது. நாலே மாதத்தில் என் மனைவி மல்லிகாவுக்கு என்னைப் பார்த்தாலே அலுப்பு தட்டிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து செலின் கூப்பிட்டார். ஒரு வருடம் முன்னால் லாரிக்கு எப்படி டோக்கன் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ள எங்கள் யார்டுக்கு வந்து, இரண்டு நாள் வெயிலில் நின்று எழுதிக்கொண்டு போனவர். வரதராசன்பேட்டைக்காரர், அப்பா அம்மா இரண்டு பேரும் ஆசிரியர்கள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பெரம்பலூர் துறையூர் ரோட்டில் டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் பதினோரு பேரை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார். "எங்ககிட்ட கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு இருக்குண்ணே, லாரி தெரிஞ்ச ஆளு இல்ல. புள்ளைங்க செய்யிறத நீங்க ஓட்டிப் பாத்து சரியா தப்பான்னு சொன்னா போதும்" என்றார். மவுஸ் பிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது, அந்த வெட்கக்கேட்டை விடுங்கள்.

முதல் நாள் காலை ஒன்பது நாற்பதுக்கு எல்லோரும் எழுந்து போய் ஒரு சுவருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். ஜெபம் என்று நினைத்து நான் செருப்பைக் கழற்றினேன். தேன்மொழி அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவள், இன்னும் நிறுத்தவில்லை. அஜைல் என்று ஒரு வேலைமுறையாம், அதில் தினமும் கால் மணி நேரம் நின்றுகொண்டே பேசுவார்களாம். உட்கார்ந்தால் பேச்சு நீண்டுவிடும். ஒன்பது நாற்பது என்று வைத்ததற்குச் சாஸ்திரம் ஒன்றும் இல்லை, அரியலூர் பஸ்ஸும் பூலாம்பாடி பஸ்ஸும் வந்து சேர்ந்து எல்லோரும் தண்ணீர் குடித்து முடிக்க அவ்வளவு நேரம் ஆகும்.

சுவரில் நீல டேப்பை ஒட்டி நாலு கட்டம் பிரித்திருந்தார்கள். செய்யணும், கையில இருக்கு, பாத்துச் சொல்லணும், முடிஞ்சது. ஒவ்வொரு வேலைக்கும் போஸ்ட் கார்டு அளவில் ஓர் அட்டை, அதில் வேலையும் செய்கிறவர் பெயரும். வேலை நகர நகர அட்டை இடமிருந்து வலமாகப் போகும். ஆனால் காலையில் பேசும்போது வலப்பக்கத்திலிருந்து, முடிகிற கட்டத்தில் இருக்கும் வேலையிலிருந்து ஆரம்பிப்பார்கள். "பந்தியில மோருக்குக் காத்திருக்குற எலைக்கு மொதல்ல ஊத்துனாத்தான அடுத்த பந்தி ஒக்காரும்" என்பது செலின் சொன்ன காரணம்.

அந்தச் சுவருக்கு அவர் வைத்திருந்த சட்டங்கள் கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றும் என் இருபத்தாறு வருடப் படிப்பைத் தலைகீழாக்கியது. முதலாவது, அவரைப் பார்த்துப் பேசக் கூடாது. யாராவது அவர் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் முதல் வாரம் பழக்க தோஷத்தில் கையைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்து, "எண்பது பர்சன்ட் முடிஞ்சிருச்சு மேடம்" என்றேன். சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "சோறு எண்பது பர்சன்ட் வெந்துருக்குன்னா பரிமாறிரலாமாண்ணே?" ஒருத்தரும் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன். அதோடு பர்சன்ட் போயிற்று, மேடமும் போயிற்று. அவரை நான் செலின்மா என்றும் அவர் என்னை அண்ணே என்றும் கூப்பிடுவது வழக்கமாயிற்று.

இரண்டாவது, வேலையைச் செய்தவர்தான் அட்டையை நகர்த்த வேண்டும். அவர் லீவில் இருந்தாலும் சரி, வேலை முடிந்தது ஊருக்கே தெரிந்தாலும் சரி, வேறு கை படக் கூடாது. மூன்றாவது, வேலை எங்கேயாவது சிக்கிக்கொண்டால் அட்டையில் சிவப்புக் குறி வைக்க வேண்டும். ஸ்டேஷனரிக் கடையில் தோதான சிவப்பு வட்டம் கிடைக்காமல், தேன்மொழி பஸ் ஸ்டாண்டில் ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வந்தாள், அதுவே நிலைத்துவிட்டது. பொட்டு வைத்தவரை ஏன் வைத்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது. "என்ன வேணும்?" என்று மட்டும்தான் கேட்கலாம். நாலாவது, வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் வந்தாலும் இதே சுவரைத்தான் பார்ப்பார். அவருக்கென்று தனி அறிக்கை கிடையாது.

சட்டம் போடுவது யாருக்கும் சுலபம். நான் அசந்து போனது வேறு ஒன்றில். சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு காலையில் செலின் தன் பெயர் போட்ட அட்டையில் தானே ஒரு பொட்டை எடுத்து ஒட்டினார். "ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்து ஆளுங்ககிட்ட கேட் கேமராவுக்கு அனுமதி வாங்குறேன்னு சொன்னேன். மூணு தடவை கேட்டும் வாங்க முடியல. எனக்கு யாராச்சும் ஒத்தாசை பண்ணுங்க" என்றார், அவரிடம் சம்பளம் வாங்குகிற பன்னிரண்டு பேர் முன்னால். என் பழைய அதிகாரிகள் ஒவ்வொருவரையும் நினைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டு வைக்கிற கை ஒன்றுகூட இல்லை. அன்று மதியம் நானே எனக்குத் தெரிந்தவர்களிடம் பேசி அந்த அனுமதியை வாங்கிக் கொடுத்தேன். அந்த அம்மாளுக்காக நெருப்பிலும் இறங்கலாம் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

இதையெல்லாம் வீட்டில் சாப்பிடும்போது மல்லிகாவிடம் ஒன்று விடாமல் சொல்வேன். "செவுத்தப் பாத்துப் பேசுறதுக்கா பெரம்பலூர் வரைக்கும் பஸ் ஏறிப் போறீங்க? நம்ம வூட்டுச் செவுரு என்ன பாவம் பண்ணுச்சு?" என்பாள். கிண்டல் செய்தாலும் சட்டங்கள் நாலும் அவளுக்கு மனப்பாடம்.

இனி என் தப்பு. அரியலூர்ப் பக்கம் கல் லாரி எந்த ரோட்டில் போகிறதோ அதே ரோட்டில்தான் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகின்றன. ஒரு சுரங்கத்தார் எங்களிடம் வேலை கொடுத்திருந்தார்கள். காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரையும், சாயங்காலம் பள்ளி விடும் நேரத்திலும் ஒரு லாரிகூடச் சுரங்க கேட்டைத் தாண்டாதபடி கம்ப்யூட்டரில் பூட்டு போட வேண்டும். கேட்டிலிருந்து அரைக் கிலோமீட்டரில் ஒரு பள்ளிக்கூடம். அதன் வாசலில் அதுவரை சுரங்கத்துச் சம்பளத்தில் ஒருவர் சிவப்புக் கொடியோடு நின்று லாரியை நிறுத்திப் பிள்ளைகளைக் கடத்திவிடுவார். அந்தச் சுரங்கத்தில் லாரி அனுப்பும் பிரிவுக்கு மேனேஜர் யார் என்றால், என் பழைய ஷிப்ட் கூட்டாளி தனசேகரன்.

பூட்டு வேலை ஜாகிரின் கையில் இருந்தது. லப்பைக்குடிகாட்டுப் பையன், கெட்டிக்காரன், கூச்ச சுபாவம். அவன் அட்டையில் அந்த வாரம் பொட்டு இருந்தது. பூட்டு நேரத்தில் புது டோக்கன் கேட்டால் கம்ப்யூட்டர் மறுத்துவிடும், அது சரி. ஆனால் ஏழே முக்காலுக்கே டோக்கன் வாங்கிய லாரி கல் ஏற்றிக்கொண்டு எட்டரைக்கு கேட்டுக்கு வந்தால் அதைத் தடுக்கவில்லை. ஜாகிர் இதைச் சுவரைப் பார்த்து எல்லோர் காதிலும் விழும்படி சொல்லித்தான் பொட்டு வைத்தான். எனக்கு உள்ளூர அலட்சியம். என் யார்டில் டோக்கன் வாங்கிய லாரி கால் மணியில் வெளியே போய்விடும், எட்டுக்கு மேல் எந்த லாரி நிற்கப் போகிறது, யார்டைப் பார்க்காத பையன் வீணாகப் பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியம் அவன் மனைவிக்குத் திருச்சியில் வலி கண்டுவிட்டது என்று போன் வந்து ஓடினான். வெள்ளிக்கிழமை காலை அழைத்தான். "பொண்ணு பொறந்துருக்குண்ணே, அல்ஹம்துலில்லாஹ்." எனக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சுவரில் அவன் அட்டை, அதில் சிவப்புப் பொட்டு. பதினோரு மணிக்குத் தனசேகரன் வரப் போகிறார். பிள்ளை பிறந்த அன்றைக்கு அந்தப் பையன் பெயரில் சிவப்பு எதற்கு என்று நினைத்தேன். உட்கார்ந்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன், பூட்டு நேரத்தில் டோக்கன் கேட்டேன், மறுத்தது. போதும் என்று எழுந்தேன். செலின் மாடிப்படியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பொட்டை உரித்தேன், அட்டையை எடுத்து 'முடிஞ்சது' கட்டத்தில் ஒட்டினேன். ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதி.

தனசேகரன் வந்தார், அட்டையைப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். செலின் என்னைப் பார்த்து, ஜாகிர் போகும் முன்னாடியே முடித்துவிட்டானா என்று கேட்டபோது நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆரம்பிப்பது என்று முடிவாயிற்று. பூட்டு வந்துவிட்டால் கொடிக்காரர் எதற்கு என்று செவ்வாயிலிருந்து அவரை வேறு சுரங்கத்துக்கு மாற்ற அன்றே உத்தரவு போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கும் தகவல் சொல்லிவிட்டார் தனசேகரன். அது எனக்குத் தெரியாது.

உரித்த பொட்டைக் குப்பையில் போட மனமில்லாமல் டிபன் பாக்ஸ் மூடியில் ஒட்டியிருந்தேன். பாத்திரம் கழுவும்போது மல்லிகா பார்த்துவிட்டாள். "இது யாரு பொட்டுங்க? வெவரமா சொல்லுங்க" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஆபீஸ் பொட்டு என்றேன். நம்பாத மாதிரி பாவனை செய்துவிட்டு, தன் பொட்டுகளோடு பொட்டாக பீரோக் கண்ணாடியில் ஒட்டி வைத்தாள்.

திங்கட்கிழமை ஒன்பது நாற்பது. ஜாகிர் இனிப்போடு வந்தான். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுச் சுவருக்கு முன்னால் நின்று தன் அட்டையைத் தேடினான். 'கையில இருக்கு' கட்டத்தில் இல்லை. கீழே விழுந்திருக்குமோ என்று குனிந்துகூடப் பார்த்தான். பிறகுதான் 'முடிஞ்சது' கட்டத்தில் அவன் கண் போயிற்று. "நான் நகத்தலியே" என்றான், யாரையும் குற்றம் சொல்லாமல், தனக்குத்தானே சந்தேகப்படுகிறவன் மாதிரி.

நான் இன்னும் ஒரு நிமிடம் சும்மா இருந்தால் மின்விசிறி மேல் பழி போய்விடும் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது, பொய் சொல்வானேன். ஜாகிரின் கையில் இருந்த இனிப்புப் பெட்டியைப் பார்த்தேன். "நான்தாம்ப்பா நகத்துனேன். பொட்டையும் நான்தான் எடுத்தேன்" என்றேன்.

செலின் என் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடி, பொட்டு எங்கே என்று கேட்டார். "வூட்டுக் கண்ணாடியில இருக்கு" என்றேன். தேன்மொழிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, அடக்க முடியாமல் வாயைப் பொத்தினாள். செலின் பொட்டு அட்டையிலிருந்து புதிதாக ஒன்றை உரித்து என் விரலில் ஒட்டினார். "எடுத்த கையே வைக்கட்டும்ண்ணே." அட்டையை ஜாகிர் திரும்பக் கொண்டுவந்து வைத்தான், பொட்டை நான் வைத்தேன்.

அப்புறம் அவர் செய்ததைத்தான் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எல்லோரும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டுத் தனசேகரனைக் கூப்பிட்டார். "சார், வெள்ளிக்கிழமை நீங்க பாத்த செவுத்துல ஒரு அட்டை பொய்யா இருந்துச்சு. எங்க தப்பு. ஏத்திட்டு நிக்கிற லாரிய பூட்டு தடுக்காது. நாளைக்கு ஆரம்பிக்க வேணாம்." என் பெயரும் இல்லை, ஜாகிர் பெயரும் இல்லை, பிள்ளை பிறந்த சமாதானமும் இல்லை. தனசேகரன் கத்தினார். மேலிடத்தில் சொல்லியாகிவிட்டது, பள்ளிக்கூடத்தில் சொல்லியாகிவிட்டது, கொடிக்காரரை மாற்றியாகிவிட்டது என்றார். கொடிக்காரர் சமாச்சாரம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பூட்டும் இல்லை, கொடியும் இல்லை, நாளைக் காலை எட்டரைக்கு அந்த ரோட்டைக் கடக்கப் போகும் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு பொட்டை உரித்ததற்கு இவ்வளவா என்று கேட்டால், ஆமாம், இவ்வளவும்தான்.

கொடிக்காரரைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்டார் செலின். மூன்று நாளாவது ஆகும் என்று சொல்லிவிட்டுத் தனசேகரன் போனை வைத்துவிட்டார். செலின் ஜாகிரிடம் திரும்பி, என்ன வேண்டும் என்று கேட்டார். மூன்று நாள் வேண்டும் என்றான் அவனும். அவ்வளவுதான் பேச்சு. பையை மாட்டிக்கொண்டு, "வாங்கண்ணே, நேர்ல போயிட்டு வந்துருவோம்" என்றார்.

அரியலூர் பஸ்ஸில் என்னைத் திட்டுவார் என்று காத்துக்கொண்டே வந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த ரோட்டில் எத்தனை பிள்ளைகள் வரும், எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தார்.

தனசேகரன் எங்களை இரண்டு மணி நேரம் வெளியே உட்கார வைத்தார். உள்ளே போனதும், எந்தப் பையன் செய்த வேலை இது, அவனை முதலில் மாற்றுங்கள் என்று ஆரம்பித்தார். செலின் வாயைத் திறக்கும் முன் நான் சொல்லிவிட்டேன். "பையன் பொட்டு வச்சுட்டுத்தான் போனான். எடுத்தது நான். ஒனக்குத் தெரியாததா தனசேகரு, நாம ரெண்டு பேரும் பெல்ட்டு பிரியிறப்ப நார்மல்னு எழுதுனவங்கதான? அந்தப் புத்திதான். போகல." தனசேகரன் செலினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பெரிய அதிகாரியிடம்கூட மறைத்த கதையை இந்தச் சின்னப் பெண்ணுக்கு முன்னால் உடைத்துவிட்டேனே என்று அவர் முகம் சிவந்தது. பிறகு, மூன்று நாள் தள்ளி வைத்துக்கொள்ளலாம், ஆனால் கொடிக்கு ஆள் இல்லை என்றார். செலின், "கொடி மட்டும் குடுங்க சார்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு நானும் செலினும் பள்ளிக்கூடத்து வாசலில் கொடியோடு நின்றோம். முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். எட்டு மணிக்கு மேல் யார்டில் லாரி நிற்காது என்று நான் அலட்சியப்பட்டேன் அல்லவா? எட்டுக்கு மேல் எட்டரைக்குள் ஏழு லாரி வந்தது. ஒவ்வொன்றின் டிரைவரிடமும் டோக்கன் நேரத்தைக் கேட்டேன். எல்லாம் எட்டுக்கு முன்னால் வாங்கியவை. அந்தச் சுரங்கத்தில் ஏற்றும் இயந்திரம் ஒன்றுதான், வரிசை நீளம், என் யார்டு கணக்கு அங்கே செல்லாது. ஜாகிர் தன் மேஜையில் உட்கார்ந்தே கண்டுபிடித்ததை நான் இருபத்தாறு வருட அனுபவத்தோடு ரோட்டில் நின்று தெரிந்துகொண்டேன். நான் கொடியை உயர்த்தினால் லாரி நின்றது. செலின் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். யூனிபார்மில் பின்னல் அவிழ்ந்துபோன ஒரு சின்னப் பெண், அவரை டீச்சர் என்று நினைத்து குட்மார்னிங் சொன்னது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், கண் கலங்கிவிட்டது.

மூன்று நாளும் காலை, மாலை கொடியை நானே பிடித்தேன், யாரிடமும் விடவில்லை. வெள்ளிக்கிழமை கொடிக்காரர் திரும்பி வந்தார். அன்றைக்கே ஜாகிர் பொட்டை எடுத்து, அட்டையைத் தன் கையால் 'பாத்துச் சொல்லணும்' கட்டத்துக்கு நகர்த்தினான். அடுத்த திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நான் கம்ப்யூட்டரில் பார்க்கவில்லை, சுரங்க கேட்டிலேயே போய் நின்று பார்த்தேன். கல் ஏற்றிய லாரி வந்தது, டிரைவர் டோக்கனைக் காட்டினார், கேட் திறக்கவில்லை. ஒன்பதரை வரை நில்லுங்கள் என்றேன். அவர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். அவ்வளவு இனிப்பான திட்டை என் வாழ்நாளில் நான் வாங்கியதில்லை.

செலின் என்னை அதற்குப் பிறகும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே ஒரு நாள் நானாகவே, ஏன் என்னைத் திட்டவில்லை என்று கேட்டேன். "திட்டியிருந்தா அடுத்த பொட்ட யாருண்ணே வைப்பா?" என்றார். அப்புறம் எட்டு வருடம் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றேன். அடுத்தவர் அட்டையைத் தொட்டதில்லை, என் அட்டையில் பொட்டு வைக்கக் கூசியதும் இல்லை. செலின் இப்போது கோயம்புத்தூரில் பெரிய டீமைப் பார்க்கிறார். தனசேகரன் தன் ஆபீஸில் ஒரு சுவருக்கு நீல டேப் ஒட்டியிருப்பதாகக் கேள்வி. பொட்டு இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நேற்று பேனாவை மூடினேன். முடியவில்லை. பதினைந்து நாள் முன்னால் மாடிப்படி ஏறும்போது நெஞ்சு அடைத்தது என்று பெரம்பலூரில் டாக்டரிடம் போனேன். அவர் இ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு, திருச்சிக்குப் போய் ஆஞ்சியோ எடுத்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மல்லிகா கேட்டாள், டாக்டர் என்ன சொன்னார் என்று. "எல்லாம் நார்மல்" என்று சொல்லிவிட்டுச் சீட்டைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். செலினைப் பற்றி இத்தனை பக்கம் எழுதுகிறவன் செய்கிற காரியம் இது.

எழுந்து போய் பீரோக் கண்ணாடி முன்னால் நின்றேன். ஓரத்தில் மல்லிகாவின் பொட்டுகள் நாலைந்து இருந்தன. ஒன்றை உரித்தேன், டாக்டர் சீட்டில் ஒட்டினேன், அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் முறத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன்.

மல்லிகா கையைத் துடைத்துக்கொண்டு சீட்டை எடுத்தாள். தேதியைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள். பதினைந்து நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போகிறாள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் அதைக் கேட்கவில்லை.

"என்ன வேணும்?" என்றாள்.

"தொணைக்கு நீ வரணும்" என்றேன்.